ஐயாயிரம் அடி உயரத்தில் ஒரு கிளாத்தி

சிக்கன துரை எங்கள் வீட்டுக்கு இரண்டே முறைதான் வந்தார். முதல் முறை வந்தபோது என் மீன் அவருடைய டையில் துப்பியது. இரண்டாம் முறை அவர் டை கட்டிக்கொண்டு வரவில்லை.

துப்பியது என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கிளாத்தி மீன் வாய் நிறையத் தண்ணீரை வாங்கிப் பீச்சும். கடலுக்கடியில் மணலைக் கலைத்து இரை தேட அது கற்றுவைத்திருக்கும் வித்தை. எங்கள் வீட்டுத் தொட்டியில் அதற்கு மணலைவிட மனிதர்கள்மேல் அக்கறை அதிகம். மேலே ஒரு முகம் குனிந்தால் தீனி வருகிறது என்று எழும்பி வரும். தீனி வராவிட்டால் துப்பும்.

சிக்கன துரை குனிந்தார். தீனி கொண்டுவரவில்லை.

அவர் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆலோசகர். தேயிலை விலை சரிந்து கம்பெனி கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கே எதைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வந்தவர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மேனேஜர்களைத் துரை என்று கூப்பிட்டுப் பழகிய எஸ்டேட் ஜனங்கள் அவரைச் சிக்கன துரை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நான் அங்கே டீமேக்கர். பச்சைக் கொழுந்து ஃபேக்டரிக்குள் நுழைவதிலிருந்து தூளாக மூட்டையில் ஏறும்வரை அதற்கு நான் பொறுப்பு. எஸ்டேட் இருந்தது கீழ்க் கோத்தகிரிச் சரிவில்.

“என்ன மிஸ்டர் இது?” என்று கேட்டார், தொட்டியைப் பார்த்து.

“கடல் மீன் சார். கிளாத்தின்னு சொல்வாங்க.”

“கடல் மீனுக்கு இந்த மலையில என்ன வேலை?”

வாரத்தில் இரண்டே நாள் ஃபேக்டரி ஓடிய காலம். அதே கேள்வியை நானும் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குனிந்தார். மீன் எழும்பியது. டையில் மூன்று ஈரப் புள்ளிகள். நடுப்புள்ளி பெரியது.

உள்ளேயிருந்து என் மனைவி மரகதம் துண்டோடு ஓடிவந்தாள். அவர் துடைத்துக்கொண்டே உத்தரவுகளைச் சொன்னார். நான் எண்ணிக்கொண்டேன், எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஒன்று, எஸ்டேட் லாரியில் இனி ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் ஏறக் கூடாது. இரண்டு, ஸ்டாஃப் வீடுகளுக்கு ஃபேக்டரி லைனிலிருந்து வரும் கரண்ட் இனி மாலை ஆறு முதல் ஒன்பது வரைக்கும்தான். மூன்றாவதை வாசலில் நின்று சொன்னார்.

“அடுத்த திங்கட்கிழமை நான் திரும்ப வருவேன். அதுக்குள்ள மீன் போகணும். இல்லேன்னா நீங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகணும்.”

சரி சார் என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். இலையைச் சுருட்டும் நான்கு ரோலர்களில் இரண்டை நிறுத்தச் சொன்னபோது சரி சார் என்றேன். முற்றின இலையையும் சேர்த்து அரைக்கச் சொன்னபோதும் சரி சார். அன்றும் அது நாக்கின் நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

“பாக்கலாம் சார்” என்றேன்.

இந்த இடத்தில் ஒரு பாக்கியை முடித்துவிடுகிறேன். இந்தத் தொடரில் போன வாரம் ரோலர் பெல்ட் அறுந்த கதையை எழுதியிருந்தேன். பெல்ட்டின் அகலம் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆறு அங்குலம். எழுதியிருந்தேன், பத்திரிகையில்தான் வெட்டிவிட்டார்கள். இந்த வாரம் மீனின் பல்லை எண்ணிச் சொல்லப்போகிறேன். அதையும் வெட்டாமல் இருக்க வேண்டும்.

பாதி தேஷ்யம்

தேயிலைக்கு நல்ல விலை இருந்த கடைசிக் காலத்தில், ஏலத்துக்கு மாதிரித் தூள் எடுத்துக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்தேன். ஏலக் கூடத்திலிருந்து வரும் வழியில் ஒரு வண்ணமீன் கடை. உள்ளே ஒரு தொட்டியில் இது தனியாக நின்றது. கத்தரிக்காய்த் தோல் போன்ற கருநீலம். பிறை போல் வளைந்த வால். வாயைத் திறந்தால் பல் செக்கச்செவேல், வெற்றிலை போட்ட மாதிரி. மேல் வரிசையில் முன்னால் தெரிந்தவை இரண்டு, அதில் ஒன்று சற்றுக் கோணல்.

கடைக்காரர் மலையாளி. நான் விலை கேட்பதற்கு முன்பே எச்சரித்தார்.

“சாரே, இது செமி அக்ரஸிவ் ஆணு. பாதி தேஷ்யம்.”

“பாதிக் கோவமா? மீதிப் பாதி எங்கப்பா போச்சு?”

“எனிக்கறிஞ்ஞூடா” என்று கையை விரித்தார்.

பாதிக் கோபம் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. துணைக்கு மூன்று சிறு மீன்கள் வாங்கிவிட்டேன். முழுக் கோபக்கார மீனாக இருந்தால் தின்றிருக்கும். இது தின்னவில்லை. அவை நீந்தலாம், ஆனால் இது நீந்தும் பக்கம் நீந்தக் கூடாது. சாப்பிடலாம், ஆனால் இது சாப்பிட்டு முடித்த பிறகுதான். ஃபேக்டரியில் சில மேனேஜர்களிடம் இந்த முறையைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மூன்றையும் கொச்சிக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு சங்குநண்டு மட்டும் மிஞ்சியது. அதற்கு ஓடு இருந்தது, அதனால் மரியாதையும் இருந்தது.

இந்த மீனிடம் இன்னொரு பழக்கம். தொட்டியில் பதினோரு கற்கள். பெரிய கல்லில் ஒரு பொந்து. பயம் வந்தாலும் தூக்கம் வந்தாலும் அதற்குள் தலையை நுழைத்துக்கொள்ளும், வால் மட்டும் வெளியே தெரியும். முதுகில் ஒரு முள் உண்டு. உள்ளே போனதும் அந்த முள்ளைத் தூக்கும். பின்னாலிருக்கும் சின்ன முள் அதற்கு முட்டுக் கொடுக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. அதன் பிறகு வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. அதுவாக முள்ளைத் தாழ்த்தினால்தான் உண்டு.

மரகதம் பொள்ளாச்சிப் பக்கம். மீன், கறி தொடமாட்டாள். தொட்டி வீட்டுக்குள் வந்த அன்றே சட்டம் போட்டாள். மீனுக்கென்று ஓர் எவர்சில்வர் சொம்பு, அதன் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். அது பின்வாசல் ஆணியில் தொங்க வேண்டும். சமையல்கட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

“ஏனுங்க, எல்லாரும் ஊட்டுல நாய் வளப்பாங்க, கிளி வளப்பாங்க. நீங்க போயி குழம்பு வெக்கறதக் கொண்டாந்து குளிப்பாட்டிட்டு இருக்கறீங்க” என்பாள். இதை அவள் சொல்லாத வாரம் கிடையாது.

நாக்கும் கடலும்

கடல் மீனுக்குக் கடல் வேண்டும். எங்கள் மூட்டைகளைக் கொச்சிக்கு ஏற்றிப்போன லாரி டிரைவர் பழனிச்சாமி, திரும்பி வரும்போது கேன்களில் கடலை மொண்டு வந்தான். காரமடைக்காரன். பழைய மேனேஜர் இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறவர்.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி உண்டு. எனக்கு நாக்கு இருந்தது. டீ ருசி பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. வரும் கேன்களையெல்லாம் அப்படித்தான் பார்ப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் வந்த கேனை உறிஞ்சித் துப்பிவிட்டுப் பழனிச்சாமியைப் பார்த்தேன்.

“எங்கப்பா மொண்ட?”

“கடல்லதானுங்.”

“கடல்ல எங்க?”

“ஜெட்டிக்குப் பக்கத்தாலதானுங்.”

“இது கடல் இல்லே, காயல். மழைத்தண்ணி கலந்திருக்கு. பாதி உப்புத்தான் இருக்கு.”

பழனிச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். “சாமீ! விட்டா நீங்க கடலுக்கே ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்னு ரகம் பிரிச்சு ஏலம் போட்டுருவீங்களாட்ட இருக்குதுங்களே!”

மறுமுறை கடற்கரைக்கே போய் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி மொண்டு வந்தான். லாரி சீட்டெல்லாம் ஈரம்.

மீனின் குளிருக்கும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். தொட்டிக்குள் கரண்ட் ஹீட்டர். ஃபேக்டரியில் இலை நொதிக்கும் அறையில் மாட்டியிருந்த பழைய தெர்மாமீட்டர் ஒன்று ஓரத்தில் தொங்கியது. வெளியே பனி விழும். உள்ளே என் மீன் கொச்சியில் இருக்கும்.

செல்லம்மா வைத்த பெயர்

பிறகு விலை விழுந்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று டீக்கடையில் சொன்னார்கள். வெளிநாட்டுத் தூள் வந்து இறங்குகிறது என்றார்கள். எது காரணமோ, பறிக்கிற கூலிக்குக்கூடக் கொழுந்து விலை போகவில்லை. பக்கத்துப் படகர் ஊர்களில் சின்னத் தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்து நின்றதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு இரண்டு நாளானது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து இளையவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பினார்கள்.

அந்த நேரத்தில் ஒருவன் வீட்டில் கடல் மீன் வளர்ப்பது ஊர் கண்ணை உறுத்தும். உறுத்தியது. நேரில் கேட்டவள் செல்லம்மா ஒருத்திதான்.

செல்லம்மா ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவள். சிலோன் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். வேலையில்லாத ஒரு மத்தியானம் பின்வாசலில் வந்து நின்றாள்.

“என்னா ஐயா, நாங்க லயத்துல கஞ்சிக்குக் காயிறோம். ஒங்க வீட்டுல கடலே காயாமக் கெடக்காமே!”

காட்டினேன். மீன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கும் உறுமல் அது. செல்லம்மா சிரித்துவிட்டாள்.

“மொறைக்கிறதப் பாரு! கடல் தாண்டி வந்தவனா இவன்?”

“கடல்லேருந்தே வந்தவன்.”

“அப்ப இவம் பேரு கள்ளத்தோணிதான்.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. அது சிலோனில் இவர்களை ஏசின சொல். திருட்டுப் படகில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று அர்த்தம்.

“அந்தப் பேர இதுக்கு எதுக்கு செல்லம்மா?”

“இருக்கட்டுங்க ஐயா. அங்க இருந்தப்ப கள்ளத்தோணின்னாங்க. இங்கிட்டு வந்தா சிலோன்காரிங்கிறாங்க. ரெண்டு பேர வச்சிக்கிட்டு நா என்னா பண்ண? ஒண்ண இவனுக்குக் குடுத்துட்டேன். பாரம் கொறையும்ல.”

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

பின்வாசல் சொம்பு

சிக்கன துரையின் இரண்டாம் உத்தரவு அன்று இரவே அமலுக்கு வந்தது. ஸ்டாஃப் வீடுகள் மொத்தம் ஒன்பது. மணி ஒன்பதானதும் ஒன்பதிலும் கரண்ட் போனது. மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹெட் கிளார்க் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க டீமேக்கரு, உங்க மீனு துப்புனது துரை மேல இல்லீங்க. எங்க ஊட்டு மிக்ஸி மேல!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மாலை மூன்று மணி நேரம் போக மற்ற நேரம் ஹீட்டர் இல்லை. காற்றுக் குமிழ் விடும் மோட்டார் இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டாரும் இல்லை. கவாத்துச் செய்த தேயிலை மிளார்கள் கொல்லையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றை எரித்து வெந்நீர் போட்டு, பாட்டில்களில் அடைத்து மூடித் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஆறு பாட்டில்கள். தெர்மாமீட்டர் தாழ்ந்தால் மாற்ற வேண்டும். ஒரு பாட்டிலை மாற்றுவதற்குள் இன்னொன்று ஆறிவிடும்.

காற்றுக்கு ஒரு யோசனை வந்தது. டீக்கடையில் டீ ஆற்றுகிறார்களே, அது சூடு தணிய மட்டும் அல்ல. உயரத்திலிருந்து விழும்போது நுரைத்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்பு நூல் சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையைத் தூக்கி, மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றினேன். நுரை வந்தது. மீன் அந்த இடத்துக்கே வந்து நின்றது.

எனக்கு அப்போதே தோள்வலி. கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துவிட்டது. தண்ணீர் பாதி தொட்டியில், பாதி தரையில். மரகதம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

“குடுங்க இங்க” என்றாள்.

“என்னது?”

“சொம்பத்தான். நீங்க ஆத்துனா ஊடே கடலாயிரும்.”

“நீதானே இந்த மீன் எப்ப ஒழியும்னு கேட்டுட்டிருந்த?”

“கேட்டேன். இன்னும் கேப்பேன். இத்தன வருஷமா ஒழியோணும்னு சொல்லிட்டிருக்கறவ நானு. அதச் சொல்ல அந்த ஆளு யாருங்க?”

முந்தானையைச் செருகிக்கொண்டு, அதுவரை விரல்கூடப் படாத சொம்பைக் கையில் வாங்கினாள். அவள் கை உயர்ந்தால் ஒரு முழத்துக்குத் தண்ணீர் கம்பியாக விழும். ஒரு சொட்டு வெளியே தெறிக்காது.

முடிந்ததும் சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பின்வாசல் ஆணியிலேயே மாட்டினாள். சட்டம் சட்டம்தான்.

கல் உப்பு

சூடும் காற்றும் கிடைத்தன. தண்ணீர் கெட்டது. சுத்தம் செய்யும் மோட்டார் ஓடாத தொட்டியில் கழிவு தங்கிவிடும். புதுக்கடல் வேண்டும். பழனிச்சாமி வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“செக்போஸ்ட்டுல நம்ம வாட்ச்மேன உட்டே லாரியத் தொறந்து பாக்கச் சொல்லியிருக்குதுங்க துரை. வேல போயிருமுங்க.”

அவனைக் குறை சொல்ல முடியாது.

அப்போது நான் செய்ததை டீமேக்கரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மிச்சமிருந்த நல்ல கடலில் ஒரு கரண்டி எடுத்து ருசியை நாக்கில் வாங்கிக்கொண்டேன். கொல்லை ஓடைத் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து, உறிஞ்சித் துப்பி, கொஞ்சம் சேர்த்து, மறுபடி உறிஞ்சித் துப்பி, இரண்டும் ஒன்றாகும்வரை கலந்தேன். இரண்டு தோட்டத்துத் தூளைக் கலந்து மூன்றாவது தோட்டத்து ருசியைக் கொண்டுவருகிறவன் நான். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்திருந்தாலும் எது கடல், எது நான் செய்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கள்ளத்தோணிக்குத் தெரிந்தது. ஊற்றிய மறுநாளே கருநீலம் வெளுத்துச் சாம்பலானது. இரையைத் தொடவில்லை. உறுமவில்லை. சனிக்கிழமை மதியம் பொந்துக்குள் தலையை விட்டது, வெளியே வரவில்லை. என் நாக்கில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. உப்பைத் தவிரக் கடலில் வேறு என்னென்னவோ இருக்கின்றன. அவற்றுக்கு ருசி இல்லை, அவ்வளவுதான்.

அன்று செல்லம்மா எட்டிப் பார்த்தாள். தொட்டியை வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“தொரை போகச் சொல்லிட்டாராமே இவன?”

“திங்கட்கிழமை வரைக்கும் டயம்.”

“இந்தப் ‘போ’வ எத்தன தடவ கேட்டிருக்கேன் ஐயா. அங்க ஒருக்கா, கப்பல்லேருந்து எறங்கி இருந்த மண்டபம் கேம்புல ஒருக்கா. போன மாசம் சலிக்கிற எடத்துல ‘நீ போ, கூப்பிட்டா வா’ன்னாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ராணி நாளைக்குத்தான் வாரா.”

ராணி அவள் மகள். கொச்சியில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விட்டவள். செல்லம்மா நேரே கடைவீதி எஸ்டிடி பூத்துக்குப் போனாளாம். கண்ணாடிக் கதவையும் தாண்டிக் குரல் கேட்டதாம்: “ராணீ, வாரப்ப கடல் கொண்டா! கடல், கடல்! நல்ல ஆழத்துல மொண்டு!” வரிசையில் நின்றவர்கள் எனக்குச் சொல்லிச் சிரித்தார்கள்.

கண்டக்டர் குடித்த கடல்

ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் ராணி இரண்டு வெள்ளைக் கேன்களோடு இறங்கினாள். இறால் வாசம் தூக்கியது. மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது கண்டக்டர் மறித்திருக்கிறார்.

“என்னம்மா கேன்ல? சாராயமா?”

“கடல் தண்ணி.”

“யாருகிட்ட விடற? மலைக்குக் கடல் தண்ணி கொண்டுபோறியா?”

“குடிச்சுப் பாருங்க அண்ணே.”

மூடியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அவரும் ஒரே மடக்கில் வாயில் விட்டிருக்கிறார். ஜன்னல் வழியாகத் துப்பிய பிறகு கோத்தகிரி வரைக்கும் அந்தக் கேன் பக்கம் அவர் திரும்பவே இல்லையாம். லக்கேஜ் டிக்கெட்டும் போடவில்லை.

நான் உறிஞ்சித் துப்பினேன். அசல் கடல். கெட்ட தண்ணீரை மொண்டு வெளியே கொட்டி, இதை இளஞ்சூடாக்கி மெல்ல விட்டோம். மரகதம் ஆற்றினாள். பொந்திலிருந்து தெரிந்த வால் அசையவே இல்லை.

திங்கட்கிழமை

சிக்கன துரை காலையிலேயே வந்தார். டை இல்லை. வெள்ளைச் சட்டை. பின்னால் வாட்ச்மேன், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வால்.

“செத்துடுச்சா?”

“தெரியல சார்.” அது உண்மை. விடிந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லதாப் போச்சு. எடுத்துப் போடுப்பா.”

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டு வாலைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். கல்லே லேசாக அசைந்தது, மீன் வரவில்லை.

“வரமாட்டேங்குதுங்க. உள்ளாற பூட்டிக்கிச்சுங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. முள்ளைத் தூக்கியிருக்கிறது. உயிர் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

“கையை எடுப்பா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அது போகாது சார். நானும் வீட்டைக் காலி பண்ணல. நீங்க சொன்ன ரெண்டும் நடக்கல.”

அவர் முகம் சிவந்தது. “நீங்க என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா, மிஸ்டர்?”

“வேலைக்குச் சேந்ததிலிருந்து இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சு பேசறேன்.”

அவர் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் மரகதம் தட்டில் டீயோடு வந்தாள். ஒரே ஒரு கிளாஸ். மேலே இரண்டு விரற்கடை நுரை.

“டீ எடுத்துக்கங்க சார். நம்ம ஃபேக்டரித் தூளுங்க.”

டீ ருசி தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளும் வாய்ப்பை அவர் விட்டதே இல்லை. கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கி நிறம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சர்ரென்று, ஏலக்கூடத்துக்காரரைப் போல, வாய் நிறைய உறிஞ்சினார்.

துப்புவதற்குப் பாத்திரம் தேட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் தாடையிலிருந்து இடுப்புவரை ஓடியது. புள்ளிகளை எண்ண முடியவில்லை.

“உப்பு!” என்றார், இருமலுக்கு நடுவே.

“அப்பிடிங்களா?” என்றாள் மரகதம். “கரண்டு இல்லாம இருட்டுக்குள்ள எது என்னன்னே தெரியறதில்லீங்க சார்.”

பின்வாசல் பக்கம் செல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். வாட்ச்மேன் வாளிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

“நான் மேலிடத்துக்கு எழுதறேன்.”

“எழுதுங்க சார். மீனுக்கும் ஒரு காப்பி போடுங்க.”

அன்று பிற்பகல் முள் தாழ்ந்தது. கள்ளத்தோணி பொந்திலிருந்து வெளியே வந்து, இறால் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு, என்னைப் பார்த்து உறுமியது. அவ்வளவு இனிமையான வசவை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகு

மேலிடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் பதில் போடவில்லை. அடுத்த கடிதம் வருவதற்கு முன்பே கம்பெனி தன் சிக்கனத்தில் ஆலோசகரையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. அவரோடு அவர் போட்ட கரண்ட் உத்தரவும் போனது. அவர் நல்ல மனிதராகவும் இருந்திருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை அப்போது இல்லை, இப்போதும் இல்லை.

ஃபேக்டரியும் நிற்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. நின்றது. ரோலர்கள் ஊமையாயின. வரிசை வீடுகளிலிருந்து ராணியைப் போல இன்னும் பலர் கேரளக் கரைக்குப் போனார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கொரு கேன் கொண்டுவந்தார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ‘டீமேக்கர் ஐயாவுக்குக் கடல்’ என்று பஸ்ஸிலேயே சொல்லி இறக்குவார்களாம். ஒரு பொங்கலுக்கு முற்றத்தில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு கேன்கள். என் தொட்டிக்கு அவ்வளவு நல்ல கடல் அதற்குமுன் வந்ததில்லை. எஸ்டேட்டில் அவ்வளவு வீடுகள் பூட்டிக் கிடந்ததும் இல்லை. சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கேனையும் உறிஞ்சித் துப்பினேன். எதிலும் குறை இல்லை.

கடைசியாக நாங்களும் கோத்தகிரியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். மாறிய அன்று கள்ளத்தோணி வழக்கம்போல் பொந்துக்குள் போய் முள்ளைத் தூக்கிக்கொண்டது. யாரும் இழுக்கவில்லை. கல்லோடு சேர்த்துத் தூக்கி, கடல் நிரப்பிய டிரம்மில் இறக்கி, பழனிச்சாமி லாரியில் ஏற்றினோம். அது விருப்பப்பட்டபோதுதான் வெளியே வந்தது. அந்தக் கம்பெனியைவிட அது அதிக காலம் உயிரோடு இருந்தது.

போன மாதம், இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று மரகதத்திடம் சொன்னேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னிக்கு அந்த டீய எதுல ஆத்துன?”

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

“சொம்பு மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க. கழுவ மறந்திருப்பேன்.”

எங்கள் குடித்தனத்தில் அவள் கழுவ மறந்த ஒரே பாத்திரம் அது. சிவப்பு நூல் கட்டியது. பின்வாசல் ஆணியிலிருந்து அதுவாக நடந்து சமையல்கட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.